எடுத்த கிணற்றில்

அருகன் துணை
திருவண்ணாமலை
4-2-1979

அன்புள்ள அக்காவுக்கு,

பிராமி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. அப்பா வேங்கிக்கால் நிலத்தில் மல்லாட்டை விதைத்துவிட்டு, காக்கா ஓட்டப் போய்விடுகிறார். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக மாமா போட்ட கார்டு வந்தது. உன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்று அம்மா இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீயே எழுது.

எனக்கு நேரில் பேச வராது. உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றபிறகு வாசலுக்குப் போவதுகூடக் குறைந்துவிட்டது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நீ எழுதுவதை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அப்பா பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒன்று தெரிய வேண்டும், கேட்கமாட்டார். உன் கல்யாணத்தின்போது மாமாவுக்கு ஏதோ கம்பெனியில் எழுத்து வேலை என்றார்கள். "எழுத்து வேலைக்கு சமுத்திரத்தாண்ட இன்னாத்துக்கு வீடு?" என்று நேற்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

தண்ணீர் வடிகட்டும் வேலை இப்போது எனக்கு. நேற்று தெருக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, துணியில் தங்கிய பொடி உயிர்களோடு அலசிய தண்ணீரை அவசரத்தில் நம் வீட்டுக் கிணற்றில் ஊற்றப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற தண்ணில விட்டா அது பொழைக்காதுடி. எடுத்த எடத்துலதான் விடணும்." முழங்கால் வலியோடு எழுந்து வந்து சொன்னாள். அங்கே நீ வடிகட்டுகிறாயா?

உன் தங்கை
பிராமி

*

புதுக்கழிக் குப்பம்
23-2-1979

அன்புள்ள பிராமிக்கு அக்கா எழுதுவது.

உப்புக் காற்றில் தலைமுடி பிசுபிசுக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவும் சுகம். அம்மாவை நொச்சித் தழை ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அப்பா கேட்கும்படி இதை நிதானமாகப் படி. மாமாவின் கம்பெனி சிப்பி வளர்க்கிறது. கடல் வளைந்து உள்ளே வரும் இடத்தில் மூங்கில் மிதவைகள் கட்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் கயிறுகள் தொங்கவிட்டிருக்கிறார்கள். குட்டிச் சிப்பிகளைக் கயிற்றின்மேல் வைத்துத் துணியால் சுற்றிவிடுவார்கள். துணி மக்குவதற்குள் சிப்பி கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மாமா அளவெடுத்து எழுதுவதோடு சரி. கையால் தொடுவதில்லை. தீனி எதுவும் போட வேண்டாம். சிப்பி தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, வெளியே விடுமாம். "நம்ம வீட்டுத் துணி மாதிரிதான் லதா" என்று மாமா சிரித்தார்.

பக்கத்துக் குடிசையில் பச்சையம்மாள் என்று ஒரு அக்கா. அவள் புருசன் இருசப்பனுக்குச் சொந்தப் படகு இருக்கிறது. காலையில் மீன் கூடையோடு போகும்போது என் வாசலில் நிற்பாள். "இன்னா பொண்ணே, தண்ணில இன்னா கீதுன்னு இப்டி வடிகட்ற? திமிங்கலம் மாட்னா சொல்லு, நான் வித்துத் தரேன்." தினமும் இதே கேலிதான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் துணியை வாங்கி அவளே வடிகட்டித் தந்தாள். துணியை அலசிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்கே கொண்டுபோய், வாளியை அடிவரை இறக்கிக் கவிழ்த்தாள். "கொசுக்கு வண்டி கட்டிக் கூட்டினு போறா மாதிரி கீது" என்று முணுமுணுத்தபடியே செய்தாள்.

மிதவை வந்தபிறகு மீன் ஜாஸ்தி ஆகிவிட்டது என்கிறாள். கயிற்றில் நண்டும் பொடி மீனும் குடியேறிவிட்டனவாம், அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் வருகின்றனவாம். ஆகவே மாமாவின் வேலையால் எந்த உயிருக்கும் குறைவில்லை என்று அப்பாவிடம் சொல்.

கனகலதா

*

திருவண்ணாமலை
10-3-1979

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஒத்தடத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை. கடிதத்தைப் படித்தேன். "கையால் தொடுவதில்லை" என்ற வரியை அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

துணி மாதிரி என்று எழுதியிருக்கிறாய். துணியில் நிற்பதை நாம் திருப்பி விடுகிறோம். சிப்பி அதை என்ன செய்யும்? இதை அப்பா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். மாமாவிடம் என் பெயரைச் சொல்லாதே.

பிராமி

*

புதுக்கழிக் குப்பம்
6-5-1979

அன்புள்ள பிராமி,

பதில் போட நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான். அங்கே மலை கொதிக்குமே, அப்பாவைக் குடை எடுத்துப் போகச் சொல்.

நீ கேட்டதை நானே கேட்பதுபோல் கேட்டேன். சிப்பி திருப்பி விடுவதில்லை, தின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி, பொடி உயிர், மீன் முட்டை எது வந்தாலும் உள்ளேதான். வேண்டாததும் கழிவும் கீழே விழும். நீரோட்டம் உள்ள இடத்தில் அது கலைந்து போய்விடுமாம். கரையோரம் இருக்கும் மிதவைக்கு அடியில் கலையவில்லை. சேறு கறுத்து, கலக்கினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. முன்பு அங்கே கால் விரலில் தட்டுப்பட்ட மட்டிச் சிப்பியெல்லாம் இப்போது இல்லை என்கிறாள் பச்சையம்மாள். மேலே பார்த்தால் தண்ணீர் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடம். மிதவையைச் சுற்றி யாரும் வலை போடக் கூடாது என்று கம்பெனி தடுத்துவிட்டது. மீனெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. வெளியே போடும் வலை காலியாக வருகிறது. இருசப்பன் வாசலில் உட்கார்ந்து மிதவையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் என்னைப் படகில் மிதவைக்குக் கூட்டிப் போனாள். மாமாவுக்குத் தெரியாது. குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தோம். அம்மாடி, அங்கே பார்த்ததை உனக்கு விவரமாக எழுத வேண்டும். மாமா வந்துவிட்டார், அடுத்ததில் எழுதுகிறேன்.

கனகலதா

*

திருவண்ணாமலை
14-5-1979

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, அப்பா சுகம். நாற்றம் எடுக்கும் சேற்றைப் பற்றி எழுதியதை நான் அவர்களுக்குப் படிக்கவில்லை. படகில் போனதையும் படிக்கவில்லை. படிக்காமல் தாண்டும்போது குரல் மாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

தண்ணீருக்குள் என்ன பார்த்தாய்? தினமும் அதையே நினைத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கிறேன்.

பிராமி

*

புதுக்கழிக் குப்பம்
22-6-1979

அன்புள்ள பிராமிக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலத்துக்கும் எழுதவும்.

இங்கே ஒரு சம்பவம் நடந்துவிட்டது. கயிறுகளில் சிப்பி காணாமல் போய்க்கொண்டிருந்தது. மேல் பக்கம் வெறும் கயிறாக நிற்கிறது. அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். யாரோ திருடுகிறார்கள் என்று மாமா விடியற்காலையில் போய்ப் பார்த்தார். மிதவையை ஒட்டி இருசப்பனின் படகு இருந்தது. போலீஸில் சொல்லிவிட்டார்கள். அவனைக் கொண்டுபோய் சப்ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். படகையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஜாமீன் எடுக்க ஆளில்லை.

அந்த ஆட்களோடு பழகியது தப்பு என்று உன் மாமா சொல்கிறார். நமக்கு வேண்டாத விஷயம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

கனகலதா

*

திருவண்ணாமலை
28-6-1979

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. அப்பாவுக்கு இருமல். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் உன் குரல் இல்லை. உன் மாமா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சொல்கிறாய் என்று இல்லை.

கயிறு அறுபட்டிருந்ததா? திருட வந்தவன் அவ்வளவு நேரம் தண்ணீரில் நின்று சிப்பியை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு, கயிறு மட்டும் இருக்கட்டும் என்று விட்டுப் போவானா? கயிற்றோடு அறுத்துப் படகில் போட்டுக்கொண்டு போயிருப்பான். நம் நிலத்தில் மல்லாட்டையை ஆள் திருடினால் செடியோடு போகும். எலி தின்றால் கடலைத் தோல் அங்கேயே கிடக்கும். மிதவைக்கு அடியில் ஓடு கிடக்கிறதா? அவன் படகில் சிப்பி இருந்ததா? அதையும் நீ எழுதவில்லை.

இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். சிப்பியை எடுத்தது யார் என்று மாமாவுக்கு நிஜமாகவே தெரியாதா? அறுவடைக்கு முன்பே வெளியே யாருக்காவது விற்றுவிட்டு, பழியை அவன்மேல் போட்டுவிட்டார்களா? என்னைத் திட்டு. ஆனால் இதற்குப் பதில் எழுது.

பச்சையம்மாள் உன் வாசலில் நிற்கிறாளா?

பிராமி

*

திருவண்ணாமலை
5-8-1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தாள். நேற்று மாமாவே வந்துவிட்டார். வேலூரில் ஏதோ கம்பெனி வேலையாம், போகிற வழியில் இறங்கினார். நீ சுகம் என்றார். அம்மா பொழுது சாய்வதற்குள் இலை போட்டுவிட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் மோர்ச் சொம்போடு நின்றேன். அப்பாதான் இருசப்பன் விஷயத்தைக் கேட்டார். நான் படித்த கடிதத்தில் அந்தப் பகுதி இருந்தது, அதைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை. மாமா சொன்னதைக் கேட்ட அளவில் எழுதுகிறேன். அவனைச் சப்ஜெயிலுக்குக் கொண்டுபோவதற்கு முன் வலை உலர்த்தும் மேட்டில் ஊரைக் கூட்டி விசாரணை வைத்தார்களாம். கம்பெனி ஆபீசர், போலீஸ்காரர், ஊர் ஜனம் எல்லாரும் இருந்தார்களாம். இருசப்பன், நான் மீனுக்குத்தான் போனேன், சிப்பியைத் தின்பது மீன்தான் என்று அழுதானாம். அவன் பெண்சாதி கூட்டத்தில் எழுந்து, அதைத் தானும் மாமாவின் சம்சாரமும் சேர்ந்து பார்த்ததாக உன்னைக் கை காட்டினாளாம்.

"லதா தெளிவா சொல்லிட்டா மாமா, நான் ஒண்ணும் பாக்கலன்னு" என்றார். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்.

தண்ணீருக்குள் பார்த்தோம் என்று நீ எனக்கு எழுதியிருந்தாயே. மாமா பொய் சொல்வதாகத் தோன்றவில்லை அக்கா. அவர் முகத்தில் ஒளிவு இல்லை. இருசப்பன் திருடியதாக அவர் நிஜமாகவே நம்புகிறார். அவர்மேல் சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் அப்பா, "ஒருவேளை மீனே தின்னிருந்தா?" என்று கேட்டார். மாமா சிரித்தார்.

"அப்டி இருந்தா எனக்கு வேலை கம்மி மாமா. ஒரே நாள்ல சுத்தி வலை வெச்சி ஒண்ணு வுடாம அள்ளிடுவோம்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டார். மாமாவுக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ ஏன் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் நினைப்பது தப்பு என்று நீ எழுதினால் சந்தோஷப்படுவேன்.

வெளியே வந்து கேட்க எனக்கு வாய் வரவில்லை. மோரைக்கூட அம்மாதான் வாங்கி ஊற்றினாள்.

பிராமி

*

புதுக்கழிக் குப்பம்
14-8-1979

பிராமி,

இதை அம்மாவுக்குப் படிக்காதே.

நீ நினைத்தது சரி. அன்றைக்கு மூங்கிலின்மேல் வயிறு பட நானும் பச்சையம்மாளும் படுத்திருந்தோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. தலை பருத்த வெள்ளி மீன்கள் கூட்டமாக வந்து கயிற்றிலிருந்த சிப்பியைக் கடித்துப் பிடுங்கின. ஓடு நொறுங்குவது காதில் விழவில்லை, மூங்கில் வழியாக என் வயிற்றில் தெரிந்தது. ஒன்று தின்றுவிட்டு விலகும், அடுத்தது வரும். நொறுங்கிய ஓடு மினுமினுத்துக்கொண்டே கீழே அந்தக் கறுப்புச் சேற்றில் போய் விழும். "உன் புருசன் மீனுக்கு சோறாக்கிப் போட்டுனு கீறான், அவனுக்கே தெரில" என்று பச்சையம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். மாமா வந்து, சிப்பி குறைகிறது, மீனாக இருந்தால் வலை வைத்து அள்ளிவிடலாம், ஆளாக இருந்தால்தான் கஷ்டம் என்றார். பேனாவை மூடிவிட்டேன்.

உயிருக்குக் கேடு வரும் உண்மை, உண்மையாகாது என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் வாயைத் திறந்தால் அத்தனை மீனும் கரையில் துடிக்கும். என் சொல்லால் சாகும். இருசப்பனை இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விசாரணையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மீன்களை நினைத்துக்கொண்டு சொன்னேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று.

சிப்பிக்கும் உயிர் உண்டு. அதை வளர்த்துக் கொல்கிற சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். மீனையாவது காப்பாற்றினால் கொஞ்சம் சரியாகும் என்று ஒரு நினைப்பு. பச்சையம்மாள் என் வாசலைக் கடக்கும்போது கூடையை இந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள், என் முகம் தெரியாமல் இருக்க.

உன்னிடம் சொல்லிவிட்டேன். நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியதுபோல் இருக்கிறது. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

கனகா

*

திருவண்ணாமலை
19-8-1979

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று தெரிய வேண்டும்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். கடிதம் வந்தது அம்மாவுக்குத் தெரியும், ஏன் படிக்கவில்லை என்று தினமும் கேட்கிறாள். நீ மறுபடி எழுதும்வரை படிக்கமாட்டேன்.

நான் உனக்குச் சொல்லக்கூடியவள் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றவள். மீன்களைப் பற்றி நீ நினைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்திருக்கமாட்டேன். ஆனால் உன்னைப் போல மீனுக்காக இல்லை, பயத்தில்.

ஒன்று மட்டும் தெரிகிறது. என்னிடம் சொன்னதும் பாரம் இறங்கியது என்கிறாய். தெருக் கிணற்றில் எடுத்ததை நான் வீட்டுக் கிணற்றில் ஊற்றப் போனேனே, அம்மா கையைப் பிடித்தாளே, அதுதான் ஞாபகம் வருகிறது. நீ அந்த இருசப்பனை எடுத்தது வலை உலர்த்தும் மேட்டில். ஊர், ஆபீசர், பச்சையம்மாள் எல்லாருக்கும் நடுவில். கொண்டுவந்து விட்டது திருவண்ணாமலையில், என் தலையணை உறைக்குள். இங்கே அவன் பிழைக்கமாட்டான் அக்கா.

பிராமி

*

புதுக்கழிக் குப்பம்
30-9-1979

அன்புள்ள பிராமிக்கு,

நான் சாப்பிடுகிறேன். மாமாவும் சாப்பிடுகிறார், ஆனால் என் கையால் வாங்கி இல்லை. அவரே போட்டுக்கொள்கிறார்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் சும்மா இருந்தேன். பிறகு ஒரு காலையில் ஆபீசர் வந்திருந்தபோது அதே மேட்டுக்குப் போனேன். பெண்கள் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா பக்கத்தில் நின்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று ஆபீசர் கேட்டார். மீன் செத்துவிடும் என்று சொன்னேன். ஊரே சிரித்தது. பச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆளை இறக்கிப் பார்த்தார்கள். மிதவைக்கு அடியில் நொறுங்கிய ஓடு குவிந்து கிடந்தது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இருசப்பன் இளைத்துப்போய் வந்தான். படகு வெயிலில் கிடந்து பலகை பிளந்துவிட்டது.

மாமா சொன்னபடியே செய்தார்கள். சுற்றி வலை வைத்து அள்ளினார்கள். வலை போடத் தெரிந்தவர்கள் குப்பத்து ஆட்கள்தானே, கூலிக்கு இருசப்பனையும் கூப்பிட்டார்கள். அவனும் போனான். கரையில் வெள்ளி வெள்ளியாகக் கொட்டினார்கள். நான் நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நான் பார்த்த மீன் எது என்று தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மிச்ச மிதவைகளை நீரோட்டம் உள்ள பக்கம் தள்ளிக் கட்டப்போகிறார்களாம், சுற்றி நிரந்தரமாக வலைத் தடுப்போடு. கரையோரச் சேறு தெளிய எத்தனை காலம் ஆகும் என்று மாமாவைக் கேட்டேன். அளவு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். பச்சையம்மாள் கூடையோடு வந்தாள். கூடையில் அந்த மீன்கள்தான். தோள் மாற்றவில்லை, வாசலில் நின்றாள். திமிங்கலக் கேலி வரும் என்று நினைத்தேன்.

"பொண்ணே, உங்க சாமி மீனுக்கெல்லாம் கணக்கு வெச்சினு கீறாரு. சரி. அதுல எங்க பேரு எங்க வருதுன்னு பாத்துச் சொல்லு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்றுவரை மறுபடி நிற்கவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் துணியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

தலையணை உறையில் இருப்பதை எடு. இதையும் அதையும் சேர்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அப்பாவைப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கச் சொல். குரல் நடுங்கினாலும் நிறுத்தாதே. இந்த முறை எந்த வரியையும் தாண்டிப் போகாதே.

உன் அக்கா
கனகலதா